ஐப்பசி மழைக்கு கொல்லையில புத்துக்காளான் பூத்துருக்கு, திங்கலாமா? கண்மாய்க்கரைப் பழங்களப் பத்தியும் கேக்கணும்

பள்ளத்தூர்பேத்தி | அக்டோபர் 27, இரவு 9:14

எல்லாருக்கும் வணக்கம். நான் பத்தொம்பது வருஷம் கோயம்புத்தூர்ல இருந்துட்டு இந்த ஆனியிலதான் பள்ளத்தூர் பக்கம் எங்க அப்பத்தா வீட்டுக்கே குடி வந்துட்டேன். பொண்ணுக்கு எட்டு வயசு. நேத்து முந்தாநாள் ரெண்டு நாளும் நல்ல இடிமழை, இன்னைக்கு காலையில பின்கட்டுக்கு அங்கிட்டு கொல்லை வேலியோரம் இருக்க பழைய கறையான் புத்துல வெள்ள வெள்ளயா காளான் குடை விரிச்சு நிக்கிது, ஒரு இருபது முப்பது இருக்கும். கொல்லை வேலைக்கு வர்ற அக்கா அதப் பாத்த உடனே முந்தானைய விரிச்சு பிடுங்க ஆரம்பிச்சுட்டாக, "ஆச்சி இது கறிய விட ருசியா இருக்கும், இன்னைக்கு விட்டா நாளைக்கு புழு வச்சுரும்"னாக. பாதிய எனக்கு குடுத்தாக. எனக்கு பயம், அப்படியே முறத்துல போட்டு வச்சிருக்கேன்.

இதுல என் மக வேற, பம்புசெட்டு பக்கம் புல்லுக்குள்ள இருந்து அதே மாதிரி வெள்ளயா பெரிய குடையா நாலு பிடுங்கிட்டு வந்து இதையும் சேத்து ஆக்குங்கம்மாங்கிறா. அத தனியா எடுத்து வச்சிட்டேன்.

சின்ன வயசுல எங்க ஐயா கையப் புடிச்சுக்கிட்டு கண்மாய்க்கரையில போவேன். சூரைப்பழம், களாப்பழம், உதடு ரெண்டும் ஒட்டிக்கிற பாலைப்பழம் எல்லாம் தின்ன ஞாபகம் இருக்கு. இப்ப அதே கரையில போனா சீமைக்கருவேலயத் தவிர ஒண்ணும் கண்ணுல படல. இதெல்லாம் இன்னும் எங்கயாச்சும் இருக்கா, பிள்ளைய கூட்டிட்டுப் போனா எத குடுக்கலாம் எத தொடவே கூடாது, தெரிஞ்சவுக கொஞ்சம் விவரமா சொல்லுங்க.

---

வரத்துக்கால் | அக்டோபர் 27, இரவு 9:52

ஆச்சி வணக்கம். நான் கல்லல் பக்கம், எங்க வீட்ல இன்னும் ஆடு இருக்கு, எங்க அப்பா மேய்க்கப் போறப்ப நானும் பள்ளிக்கூடம் லீவுல பூரா காட்டுக்குள்ளதான். உங்க அக்கா பிடுங்குனது புத்துக்காளான்தானான்னு நேர்ல பாக்காம சொல்லவே கூடாது, நானும் சொல்ல மாட்டேன், ஆனா எப்படி பாக்குறதுன்னு எங்க அப்பா சொல்லிக் குடுத்தத சொல்றேன். பிடுங்கும்போது அது லேசுல வராது, அடியில வேர் மாதிரி நீளமா மண்ணுக்குள்ள போகும், ஒரு சாண் ரெண்டு சாண் கூட போகும், மெதுவா ஆட்டி ஆட்டி எடுத்தா வாழைத்தண்டு நாரு கணக்கா இழுத்துக்கிட்டு வரும். அந்த வேரு புத்துக்குள்ள கறையான் கூட்டுலதான் போய் முடியும். குடை நடுவுல கூரா ஒரு மொட்டு இருக்கும், அத வச்சுத்தான் அந்த கெட்டி மண்ணத் துளைச்சுக்கிட்டு மேல வருது. குடைய பிட்டா நாரு நாரா கோழிக்கறி மாதிரி கிழியும்.

இன்னொண்ணு இருக்கு, அரிசிக்காளான்னு சொல்லுவோம், காசு அளவுதான் இருக்கும், புத்துக்கு பக்கத்துல தரையில சோத்துப்பருக்கை சிந்துன மாதிரி நூத்துக்கணக்குல பூத்துக் கெடக்கும். அது பொறுக்குறதுக்குள்ள இடுப்பு ஒடிஞ்சு போகும், ஆனா ருசி அதுக்குத்தான்.

புல்லுக்குள்ள வந்தத கையால தொட்டுட்டு பிள்ளைய கை கழுவச் சொல்லுங்க, அத தூரப் போடுங்க. எங்க அப்பா ஒரே பேச்சுதான் சொல்லுவாரு, புத்துல இல்லாதது நமக்கு இல்லன்னு.

---

ஆத்தங்குடிக்கல்லு | அக்டோபர் 27, இரவு 10:20

இதுக்கு எதுக்கு ஆச்சி இம்புட்டு பயம். எங்க அம்மாயி அறுபது வருஷம் காளான் ஆக்கிப் போட்டாக, ஒரு ஆளுக்கு ஒண்ணும் ஆனதில்ல. கொதிக்கிறப்ப நாலு பல்லு பூண்டும் ஒரு கை அரிசியும் போடுவாக, பூண்டு கறுத்தாலோ அரிசி நிறம் மாறுனாலோ அப்படியே குப்பையில கொட்டிருவாக. வெள்ளிக்காசு போட்டும் பாப்பாக. புழு வச்சிருந்தா நல்ல காளான், புழுவே அத தின்னுது பாருங்க. இத்தன சோதனை இருக்கப்ப என்ன.

---

வார்டுநைட்டுடியூட்டி | அக்டோபர் 28, அதிகாலை 2:35

ட்யூட்டியில இருந்து டைப் பண்றேன், மேல உள்ள பதிவப் பாத்துட்டு பேசாம இருக்க முடியல. அண்ணே, தயவுசெஞ்சு அந்த பூண்டு சோதனைய யாருக்கும் சொல்லாதீங்க. பூண்டு, அரிசி, வெள்ளி, மஞ்சள், புளி எதுவுமே காளான் விஷத்தக் காட்டாது. புழுவுக்கும் நத்தைக்கும் ஒத்துக்கிற விஷம் மனுச ஈரலுக்கு ஒத்துக்காது, ரெண்டு உடம்பும் ஒண்ணு இல்ல.

நான் செவிலியரா பதினோரு வருஷமா இருக்கேன். ஒரு வருஷம் கார்த்திகையில ஒரு குடும்பமே வந்தாக, அப்பா அம்மா ரெண்டு பிள்ளைக. முதல் நாள் ராத்திரி காளான் குழம்பு, விடிகாலம் வாந்தி பேதி. ட்ரிப்ஸ் போட்டோம், மறுநாள் எல்லாருக்கும் தேவலைன்னு ஆகி, வீட்டுக்குப் போறோம்னு நின்னாக. பெரிய டாக்டர் விடல. மூணாவது நாள் அந்தப் பெரிய பையனுக்கு கண்ணு மஞ்சளா ஆயிருச்சு. அத இன்னைக்கும் என்னால மறக்க முடியல. பையன் பொழச்சான், ஆனா அந்த ஒரு வாரம் அவுக அம்மா உக்காந்திருந்த இருப்பு இருக்கே.

இத எல்லாரும் மனசுல வச்சுக்கணும். சாப்பிட்டு ரெண்டு மூணு மணி நேரத்துக்குள்ள வாந்தி வந்தா அது பெரும்பாலும் வயித்தோட போற வகை. ஆறு மணி நேரம் கழிச்சு, சில சமயம் பன்னெண்டு மணி நேரம் கழிச்சு வாந்தி ஆரம்பிச்சா அதுதான் ரொம்ப ஆபத்து, அது அமானிட்டா குடும்பத்துக் காளான்ல இருக்க விஷம், ஈரலப் போய் அடிக்கும். நடுவுல ஒரு நாள் நல்லாயிட்ட மாதிரி காட்டும், அதான் ஏமாத்துறது. வேக வச்சாலும் வெயில்ல காய வச்சாலும் அந்த விஷம் போகாது. யாருக்காச்சும் சந்தேகம் வந்தா 108க்கு அடிங்க, எத்தன மணிக்கு சாப்பிட்டாகன்னு சொல்லுங்க, மிச்சம் இருக்க காளானோ குழம்போ இருந்தா ஒரு டப்பாவுல போட்டு கையோட எடுத்துட்டு வாங்க. உப்புத்தண்ணி குடுத்து வாந்தி எடுக்க வைக்கிறேன்னு வீட்ல நேரத்தப் போக்காதீங்க.

---

புத்துமண்ணு | அக்டோபர் 28, காலை 7:05

நான் ரிட்டயர்டு விலங்கியல் வாத்தியார், திருமயம் பக்கம். அந்தத் தங்கச்சி சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்தத் தேவையில்ல.

புத்துக்காளான் ஏன் புத்துல மட்டும் வருதுன்னு கேட்டா பசங்க ஆச்சரியப்படுவாங்க. கறையான் காளான விவசாயம் பண்ணுது. காஞ்ச இலை, குச்சி, மாட்டுச்சாணம் எல்லாத்தையும் அரைச்சு தின்னு, அந்தக் கழிவ வச்சு கூட்டுக்குள்ள மூளை மடிப்பு மாதிரி, தேன்கூடு மாதிரி ஒரு தட்டு கட்டும், அதுல இந்தக் காளானோட பூஞ்சை இழைய வளக்கும். மரத்த அதால நேரா செரிக்க முடியாது, பூஞ்சை செரிச்சுக் குடுத்தத அது திங்கும். மனுசன் வெள்ளாமை பண்ண ஆரம்பிச்சு ஒரு பத்தாயிரம் வருஷம்னா, இதுக ரெண்டும் கூட்டுச் சேந்து கோடிக்கணக்கான வருஷம் ஆச்சு. நல்ல மழை பேஞ்சு மண்ணு ஊறி புழுக்கம் வந்தா உள்ள இருந்து பூஞ்சை மேல முளைச்சு குடை விரிக்கும். இடி இடிச்சா காளான் வரும்னு சொல்றது இடிக்காக இல்ல, இடியோட வர்ற மழைக்காக. கறையான் இல்லாம இத வளத்து விக்கிறதுக்கு இது வரைக்கும் ஒரு நல்ல வழி வரல, அதனாலதான் கடையில புத்துக்காளான் பாக்கெட்டு கிடைக்காது.

ஆச்சி, உங்க மக பிடுங்குன அந்தப் புல்லுக்காளான இன்னும் தூரப் போடலேன்னா ஒரு வேலை செய்யுங்க. ரெண்டு வகையிலயும் நல்லா விரிஞ்ச குடையா ஒண்ணு ஒண்ணு எடுத்து, தண்ட வெட்டிட்டு, மடிப்பு இருக்க பக்கம் கீழ இருக்க மாதிரி வெள்ளக் காயிதத்துல கவுத்து வச்சு மேல ஒரு கிண்ணத்த மூடி ராத்திரி பூரா விடுங்க. காலையில காயிதத்துல பொடி விழுந்திருக்கும், அது காளானோட வித்து. அந்த நிறத்த வந்து சொல்லுங்க. ரெண்டையும் திங்காதீங்க.

---

ஆத்தங்குடிக்கல்லு | அக்டோபர் 28, காலை 8:40

தங்கச்சி சொன்னது மனசுக்கு உறுத்துது. ஆனா ஒண்ணு கேக்குறேன், அப்ப எங்க அம்மாயி அறுபது வருஷம் எப்படி தப்பு பண்ணாம ஆக்குனாக?

---

வரத்துக்கால் | அக்டோபர் 28, காலை 9:15

அண்ணே உங்க அம்மாயி எங்க இருந்து பிடுங்குவாக, ஞாபகம் இருக்கா?

---

ஆத்தங்குடிக்கல்லு | அக்டோபர் 28, காலை 9:33

எங்க புஞ்சை வரப்புல ஒரு வேப்பமரம், அதுக்கு அடியில ஒரு புத்து, அப்புறம் ஐயனார் கோயிலுக்குப் போற வண்டிப்பாதையில ரெண்டு புத்து. வேற எங்க பூத்தாலும் எடுக்க மாட்டாக. மாமா ஒரு தடவ வைக்கப்போர் பக்கத்துல இருந்து கொண்டாந்தாருன்னு அத அப்படியே குழி தோண்டி புதைச்சுட்டாக, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இத எழுதுறப்பதான் எனக்கே புரியிது. எங்கள காப்பாத்துனது பூண்டு இல்ல, அம்மாயிக்கு தெரிஞ்ச அந்த மூணு புத்து. மேல எழுதுன அந்த சோதனை எல்லாத்தையும் வாபஸ் வாங்கிக்கிறேன், யாரும் அத நம்பி ஆக்கிராதீங்க. அந்தப் பதிவ அழிக்கலாம்னு நினைச்சேன், ஆனா கீழ உள்ள பதிலோட சேந்து இருக்கட்டும், என்னை மாதிரி நினைக்கிறவுக படிக்கணும்.

---

பள்ளத்தூர்பேத்தி | அக்டோபர் 29, காலை 6:50

சார், காலையில எந்திரிச்ச உடனே ரெண்டு கிண்ணத்தையும் தூக்கிப் பாத்தேன். புத்துல வந்தது லேசா ரோஸ் கலந்த சந்தன நிறத்துல கோடு கோடா பொடி விழுந்துருக்கு. புல்லுல வந்தது பச்சை! பாசி கணக்கா மங்கலான பச்சை. காளான்ல பச்சைப் பொடி விழும்னு எனக்கு யாராச்சும் சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன். என் மக அந்த காயிதத்த நோட்டுல ஒட்டி வச்சிருக்கா.

---

புத்துமண்ணு | அக்டோபர் 29, காலை 7:30

நினைச்சேன். அதுக்கு குளோரோபில்லம் மாலிப்டைட்டிஸ்னு பேரு. புல்தரை, மைதானம், தென்னந்தோப்பு, மாடு கட்டுற இடம் இங்கெல்லாம் மழைக்கு வட்டமா வரும். குடை ஒரு சாண் அகலம் கூட வரும், பாக்க அம்புட்டு அழகா இருக்கும், இளசா இருக்கப்ப அடிமடிப்பு சுத்த வெள்ளையா இருக்கதால புத்துக்காளான்னு நினைச்சு உலகம் பூரா ஜனங்க அதத் தின்னுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுறாங்க. தின்ன ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல வாந்தி பேதி புரட்டி எடுத்துரும், சின்னப் பிள்ளைக்கு தண்ணிச்சத்து போனா உசுருக்கே ஆபத்து.

ஒண்ண நல்லா கவனிங்க. பச்சை விழுந்தா தூக்கிப் போடலாம். பச்சை விழலேன்னா அது நல்ல காளான்னு அர்த்தம் கிடையவே கிடையாது. தங்கச்சி சொன்ன அமானிட்டாவுக்கு வித்து வெள்ளை. அதுக்கு அடையாளம் தண்டோட அடியில கிண்ணம் மாதிரி ஒரு உறை, அது மண்ணுக்குள்ள புதைஞ்சிருக்கும், மேலாப்புல கிள்ளி எடுத்தா அந்த உறை மண்ணுலயே தங்கிரும், நமக்குத் தெரியாமப் போயிரும். அதனால எந்தக் காளானையும் அடியோட தோண்டித்தான் பாக்கணும். தைலமரக்காடு சவுக்குத்தோப்புக்குள்ள வர்ற காளான் எதையும் தொடாதீங்க, அந்த மரங்களோட வேர்ல ஒட்டி வாழ்ற வகைக நிறைய, பந்து மாதிரி உருண்டையா வர்றதுல விஷம் உள்ளதும் இருக்கு.

---

பின்கட்டுஅடுப்பு | அக்டோபர் 29, பகல் 11:10

நான் தேவகோட்டை. பயமுறுத்துறது எல்லாம் சரி, தெரிஞ்ச புத்துல தெரிஞ்ச ஆளு எடுத்துக் குடுத்தா எப்படி ஆக்குறதுன்னும் ஒருத்தர் சொல்லணும்ல. அன்னைக்கு எடுத்தத அன்னைக்கே ஆக்கணும், ஃபிரிட்ஜ்ல வச்சு மறுநாள்னு வேண்டாம். வேர் மண்ணச் சுரண்டி எடுத்துட்டு, தண்ணியில ஊறப் போடாம ஓடுற தண்ணியில அலசி, மஞ்சத்தூள் போட்ட வெந்நியில ஒரு முக்கு முக்கி எடுத்துருங்க. கத்தி வேண்டாம், கையால கிழிங்க. நல்லெண்ணெய்ல சோம்பு தாளிச்சு, உரிச்ச சின்ன வெங்காயம் ரெண்டு கை, பூண்டு, கறிவேப்பிலை வதக்கி, காளானப் போட்டா அதுவே தண்ணி விடும், தண்ணி ஊத்தவே கூடாது. மிளகு சீரகம் அம்மியில கொரகொரப்பா தட்டிப் போட்டு சுருள விடுங்க. கரம் மசாலா பட்டை கிராம்பு எதுவும் வேண்டாம், புத்துக்காளானுக்குன்னு ஒரு மண்வாசம் இருக்கு, அத அமுக்கிப்புடாதீங்க. முதல் தடவ திங்கிறவுக ரெண்டு கரண்டியோட நிறுத்திக்கங்க, நல்ல காளானே சில வயித்துக்கு ஒத்துக்காது.

இதே மழைக்கு ஈசலும் வரும், எங்க வீட்டுக்கு வேலைக்கு வந்த பாட்டி ராத்திரி விளக்கு வச்சு ஈசல் புடிச்சு, இறகு போக புடைச்சு, வறுத்த அரிசியோட கலந்து தருவாக. ஒரே புத்து காளானும் தருது ஈசலும் தருது.

வருஷம் பூரா காளான் வேணும்னா பால் காளான் போடுங்க. நம்ம வெக்கைக்குன்னே அருப்புக்கோட்டை ஆராய்ச்சி நிலையத்துல இருந்து 1998ல வேளாண் பல்கலைக்கழகம் விட்ட ரகம் இருக்கு, ஏபிகே 2ன்னு. மொட்டைமாடியில கொட்டகை போட்டு வைக்கோல்ல நானே போட்டுருக்கேன், 35 டிகிரியிலயும் வருது.

---

வரத்துக்கால் | அக்டோபர் 29, இரவு 8:25

பழத்தப் பத்தி யாரும் பேசலயே, நான் ஆரம்பிக்கிறேன், இதுல எனக்கு சொல்றதுக்கு நிறைய இருக்கு.

சூரை இன்னும் இருக்கு ஆச்சி, நீங்க பாக்குற இடத்துல இல்ல. கண்மாய்க்கரையோட வெளிப்பக்கச் சரிவு, கோயில்காடு, ரயில் தண்டவாளத்து ஓரம், செம்புராங்கல் வெட்டி விட்ட பள்ளம் இங்கெல்லாம் மரத்து மேல ஏறிப் படந்து கெடக்கும். முள்ளு கொக்கி மாதிரி பின்பக்கமா வளைஞ்சிருக்கும், சட்டையில மாட்டுனா இழுக்கக் கூடாது, வந்த வழியே ஒரு அடி பின்னாடி போனா தானா விடும். பழம் மார்கழி தையில கறுப்பா மிளகு உருண்டைய விடக் கொஞ்சம் பெருசா பளபளன்னு இருக்கும், புளிப்பும் இனிப்பும், சதை கொஞ்சம்தான், கொட்டைய துப்பிக்கிட்டே கை நிறைய திங்கணும். அதே சமயத்துல இலந்தையும் பழுக்கும். பங்குனி சித்திரைக்கு கொடுக்காப்புளி. வைகாசி ஆனியில களா, ஈச்சம்பழம், பாலைப்பழம், அப்புறம் ஆடிக்கு நாவல். களாக்காய்ல பால் வடியும், காயா தின்னா நாக்கு புண்ணாகும், அத ஊறுகாய்க்கு விட்டுட்டு நல்லா கருநாவல் நிறத்துக்கு வந்தத மட்டும் பறிக்கணும்.

பாலைப்பழம் உதட்டுல ஒட்டுறதுக்கு எங்க அப்பா தேங்காயெண்ணெய தொட்டு தடவி விடுவாரு. மஞ்சளா சின்னதா இருக்கும், அந்த இனிப்பு வேற எந்தப் பழத்துலயும் கிடையாது. ஆனா அந்த மரம் ரொம்ப மெதுவா வளரும், கட்டை இரும்பு மாதிரி, ஒரு மரம் போச்சுன்னா நம்ம காலத்துல இன்னொண்ண பாக்க முடியாது. எனக்குத் தெரிஞ்சு எங்க சுத்துவட்டாரத்துல கோயில்காட்டுக்குள்ள மட்டும்தான் மிச்சம் இருக்கு, அதுவும் குச்சி ஒடிச்சா சாமி குத்தம்ங்கிற பயத்துல.

சப்பாத்திக்கள்ளிப் பழம் பிள்ளை கேப்பா, குடுக்கலாம், ஆனா முதல்ல குச்சியால தட்டி மண்ணுல போட்டு நல்லா தேய்க்கணும், கண்ணுக்குத் தெரியாத பொடி முள்ளு இருக்கு, நாக்குல ஏறுனா ஒரு வாரம் சோறு திங்க முடியாது. வெட்டுனா நடுவுல நட்சத்திரம் மாதிரி ஒரு முள்ளு இருக்கும், அதையும் எடுத்துட்டு குடுங்க.

---

வார்டுநைட்டுடியூட்டி | அக்டோபர் 29, இரவு 9:10

கள்ளிப்பழம் நிறைய தின்ன பிள்ளைக்கு ஒண்ணுக்கு சிவப்பாப் போகும், ரத்தம்னு நினைச்சு ராத்திரி ரெண்டு மணிக்கு தூக்கிக்கிட்டு ஓடி வந்த அம்மாமார்கள நான் பாத்திருக்கேன். அது அந்தப் பழத்தோட சாயம், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேற. எங்களுக்கு காளான விட அதிகமா வர்றது காட்டாமணக்கு கொட்டை. வேலிக்கு வச்சிருப்பாக, கொட்டை நிலக்கடலை மாதிரி ருசியா இருக்குமாம், ஒரு பிள்ளை உடைச்சுத் தின்னா கூட இருக்க அஞ்சு பிள்ளையும் திங்கும், அம்புட்டு பேரையும் சேத்துத் தூக்கிட்டு வருவாக. மஞ்சள் அரளிக் காய் இருதயத்த நிறுத்திரும். குன்றிமணிய முழுசா முழுங்கினா தோலு கெட்டியா இருக்கதால சில நேரம் அப்படியே வெளியேறும், கடிச்சு மென்னா உசுருக்கு ஆபத்து. பிள்ளைய கூட்டிட்டுப் போறதுக்கு முன்னாடி திங்கிற பழத்தக் காட்டுறத விட இந்த மூணையும் முதல்ல காட்டிருங்க ஆச்சி.

---

புத்துமண்ணு | அக்டோபர் 30, காலை 6:40

அந்த மூணோட எட்டியையும் சேத்துக்கங்க. ஆரஞ்சு நிறத்துல உருண்டையா கிச்சிலிப்பழம் மாதிரியே தொங்கும், கொட்டையில ஸ்ட்ரிக்னின். எட்டி பழுத்தாலென்ன ஈயாதார் வாழ்ந்தாலென்னன்னு நம்ம பெரியவங்க சும்மா சொல்லல.

காயா இருக்கப்ப விஷம், பழுத்தா திங்கலாம்ங்கிற ஜாதி ஒண்ணு இருக்கு, அங்கதான் பிள்ளைங்க ஏமாறும். சொடக்குத்தக்காளி, உன்னிப்பழம், வேலியில படர்ற சிறுபூனைக்காலி. பூனைக்காலிக்காய சுத்தி வலை பின்னுன மாதிரி பச்சையா தாடி இருக்கும், பழுத்து மஞ்சளானா உள்ள இனிப்பா கொழகொழன்னு இருக்கும், பச்சைக்காய்ல சயனைடு வர்ற சரக்கு இருக்கு. பழுத்து தானா கையோட வர்றத மட்டும் எடு, இழுத்து பிய்க்க வேண்டியிருந்தா விட்டுருன்னு வகுப்புல சொல்லுவேன்.

---

கரைவேலி | அக்டோபர் 30, இரவு 7:55

ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்யிற ஆளு, இன்னைக்கு எழுதணும்னு தோணுச்சு. திருப்பத்தூர் பக்கத்துல எங்க ஊரு.

சூரை எங்க போச்சுன்னு கேட்டீகள்ல ஆச்சி, நான் கண்ணால பாத்தேன். 2017ல சீமைக்கருவேலய அழிக்கணும்னு மதுரை ஹைகோர்ட் கிளை உத்தரவு போட்டப்ப எங்க கண்மாய்லயும் ஜேசிபி இறக்குனாக. நாங்க எல்லாரும் சந்தோசப்பட்டோம், நானே டீசலுக்கு காசு குடுத்தேன். கருவேலய எடுக்கணும் அதுல எனக்கு மாத்துக்கருத்தே இல்ல. ஆனா ஜேசிபி ஓட்டுற தம்பிக்கு முள்ளுன்னா எல்லாம் ஒரே முள்ளுதான, கருவேல, சூரை, காரை, களா, சங்கஞ்செடி எல்லாத்தையும் ஒரே வாரா வாரி கரைக்கு அங்கிட்டு தள்ளி தீ வச்சுட்டாக. யாரும் கூட நின்னு இத விடு அத எடுன்னு சொல்லல. நானும் சொல்லல. ரெண்டு மழை கழிச்சு வெத்துக் கரையில திரும்ப முளைச்சது கருவேல மட்டும்தான், ஆடு மாடு நெத்தத் தின்னு சாணியில விதைச்சுட்டுப் போயிருச்சு. சூரையும் காரையும் திரும்ப வரவே இல்ல, கொண்டைக்குருவிக உக்காந்து எச்சம் போட ஒரு புதரு இருந்தாத்தான அதுக வரும்.

அது போக கரையும் அரிக்கிது இப்ப. சூரை வேருதான் அந்தச் சரிவப் புடிச்சுக்கிட்டு இருந்துருக்கு.

எங்களுக்கு பக்கத்துல வேட்டங்குடி சரணாலயம் இருக்கு, அங்க கொள்ளுக்குடிப்பட்டியில பறவைக மிரளும்னு தீபாவளிக்கு வெடி போடுறதில்ல, பல வருஷமா. ஒரு ஊரே முடிவு பண்ணா அப்படி இருக்க முடியுது. அடுத்த வாட்டி கண்மாய் வேலை நடந்தா எங்க ஊர்க்கூட்டத்துல நான் எந்திரிச்சுப் பேசப் போறேன், முதல் நாளே பெரியவுக ரெண்டு பேரு போயி விடவேண்டிய புதருக்கு எல்லாம் துணி கட்டணும், அதுக்கப்புறம்தான் வண்டி இறங்கணும்னு.

---

பள்ளத்தூர்பேத்தி | அக்டோபர் 30, இரவு 10:30

கரைவேலி அண்ணே, உங்க பதிவ மூணு தடவ படிச்சேன். எங்க கண்மாய்க்கும் தை முடிஞ்சு வேலை வருதுன்னு பேச்சு இருக்கு.

காளான் விசயம் சொல்லிர்றேன். முதல் நாள் எடுத்தத எல்லாம் மண்ணுல புதைச்சுட்டேன், முறத்துலயே வாடிப் போச்சு. இன்னைக்கு அந்தப் புத்துலயே திரும்பவும் ஏழெட்டு வந்துச்சு. அக்காகூட நானும் உக்காந்து தோண்டிப் பாத்தேன், வேரு என் முழங்கை அளவுக்கு உள்ள போச்சு. அக்காவோட அம்மா காலத்துல இருந்து இதே புத்துல எடுக்குறாகளாம், எங்க அப்பத்தாவுக்கே ஆக்கிக் குடுத்துருக்காகளாம், இத்தன வருஷம் எனக்கு அது தெரியாது. தேவகோட்டை ஆச்சி சொன்ன மாதிரியே அக்காதான் ஆக்குனாக. நான் ரெண்டு கரண்டி தின்னேன், பிள்ளைக்கு குடுக்கல, இன்னும் கொஞ்சம் பெரியவளாகட்டும். அந்த மிளகும் மண்வாசமும் தொண்டைக்குள்ள இறங்கும்போது எங்க அப்பத்தா பின்கட்டுல உக்காந்து தின்னிருப்பாகளேன்னு நினைச்சேன்.

---

பின்கட்டுஅடுப்பு | அக்டோபர் 30, இரவு 10:48

பிள்ளைக்கு குடுக்காதது நல்ல வேலை. அந்தப் புத்த யாரும் இடிச்சுறாம பாத்துக்கங்க, வீட்டுக்கு ஆகாதுன்னு மருந்து ஊத்தச் சொல்லுவாக. சுவத்துல ஏறாத வரைக்கும் அது பாட்டுக்கு இருக்கட்டும்.

---

பள்ளத்தூர்பேத்தி | ஜனவரி 6, மாலை 5:20

இந்த இழைய மறந்துருப்பீக, நான் மறக்கல. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, நானும் மகளும் அக்காவும் அக்காவோட பெரியப்பா ஒருத்தரும் கண்மாய்க்கரை பூரா நடந்தோம். பெரியப்பாவுக்கு எழுவது வயசுக்கு மேல இருக்கும், ஆடு மேய்ச்ச மனுசன். நான் ரெண்டு மாசமா கருவேலக்காடுன்னு பாத்த இடத்துக்குள்ள அவரு நுழைஞ்சு நுழைஞ்சு காட்டுறாரு. சூரை பதினோரு இடத்துல இருக்கு, பழம் கறுத்து தொங்குது. காரை ஏழு, களா மூணு, ஒரு நறுவிலி மரம் கூட இருக்கு, மூக்குச்சளிப்பழம்னு சொல்லி என் மக சிரிச்சுக்கிட்டே கிடந்தா. காட்டாமணக்கு, குன்றிமணி ரெண்டையும் முதல்லயே காட்டிட்டோம், தங்கச்சி சொன்னபடி.

சூரை முள்ளுல என் சேலை மாட்டுனப்ப "அம்மா இழுக்காத, பின்னாடி போ"ன்னு மக சொன்னா. வரத்துக்கால் அண்ணே, நீங்க எழுதுனத அவளுக்கு படிச்சுக் காட்டியிருந்தேன்.

அப்பத்தாவோட பழைய சிவப்புச் சேலை ஒண்ணு பெட்டியில இத்துப் போயி கிடந்துச்சு. அதக் கிழிச்சு ஒவ்வொரு புதருக்கும் கட்டிட்டு வந்துருக்கோம். ஊர்த்தலைவர்கிட்ட பேசியாச்சு, வண்டி இறங்குற அன்னைக்கு பெரியப்பா கூட நிப்பாரு, அவருக்கு அன்னைக்கு கூலி நான் குடுத்துர்றேன்னு சொல்லிட்டேன்.

பாலை மட்டும் எங்கயும் இல்ல. எங்க ஐயா காட்டுன மரம் மடைக்கு மேக்க இருந்துச்சு, இப்ப அங்க அடிக்கட்டை கூட இல்ல. யார்கிட்டயாச்சும் விதையோ கன்னோ கிடைக்குமா?

---

வரத்துக்கால் | ஜனவரி 6, இரவு 8:02

ஆச்சி, எங்க கோயில்காட்டுல வைகாசி கடைசியில பழம் உதிரும். மரத்துல ஏறவோ கொப்ப ஒடிக்கவோ கூடாது, கீழ விழுந்தத பொறுக்கலாம், பூசாரிகிட்ட நான் கேட்டு வச்சுர்றேன். பிள்ளையையும் கூட்டிட்டு வாங்க, பழத்தத் தின்னுட்டு கொட்டைய கழுவி வாரத்துக்குள்ள பையில போட்டுருங்க, ரொம்ப நாள் வச்சா முளைக்காது. தேங்காயெண்ணெய் நான் கொண்டாறேன்.